பெயர் கேட்கும் கதவு

நாரின், ஜனவரி 12

தாலாய்,

நீ என்னைப் பனியில் நிற்க வைத்துவிட்டாய். கணினிக்குள் பெய்யும் பனிதான், குளிராது. ஆனாலும் நின்றேன்.

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய, கண்ணில் மாட்டும் விளையாட்டுக் கருவி வந்து சேர்ந்தது. உன் அம்மா சந்தைக்குப் போனதும் மாட்டிக்கொண்டேன். கையை நீட்டினால் என் கை இல்லை. யாரோ ஒருத்தியின் வழவழப்பான கை. தலையில் முக்காடும் இல்லை. தேடியதில் கொம்பு வைத்த தொப்பிதான் கிடைத்தது. போட்டுக்கொண்டேன். சிரிக்காதே. மலையிலிருந்து குதித்தேன், வலிக்கவில்லை. திரும்ப ஏறி, திரும்பக் குதித்தேன்!

ஒரு வெள்ளைத்தாடிக் கிழவர் எதிரே வந்தார். பழக்கம், குனிந்து வணங்கினேன்.

"ஐயோ அக்கா, எனக்கு ஏன் குனியுறீங்க? நான் ஓஷ் டவுன்ல பத்தாவது படிக்கிற பொண்ணு!"

அவள்தான் நீ நமக்காகக் கட்டிய வீட்டுக்கு வழி காட்டினாள். கதவு என்னிடம் பெயர் கேட்டது. உன் பெயரைச் சொன்னேன். திறக்கவில்லை. என்ன பெயர் வைத்திருக்கிறாய்?

அன்புடன்,
பெகிமாய்


நோவோசிபிர்ஸ்க், ஜனவரி 20

என் பெகிமாய்,

கொம்புத் தொப்பியா! வேலை பார்க்கும் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறேன், வீடென்றால் வேறு யார் பெயர்? 'தெமிர்' என்று சொல், திறந்துவிடும். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல், பள்ளிக்கூடத்தில் நீ வரைந்த அதே மாதிரி. பகலெல்லாம் பெட்டி தூக்கிவிட்டு வந்து கட்டினேன்.

உன் தாலாய்


நாரின், பிப்ரவரி 2

தாலாய்,

மாமனார் பெயர் மருமகள் வாயில் வரக்கூடாது என்று உன் அம்மா சொன்னபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். நம் மொழியில் இரும்புக்கும் அதே சொல்தான். அதனால் கடையில்கூட "அந்தக் கறுப்பு ஆணி குடுங்க" என்றுதான் கேட்கிறேன். கடைக்காரருக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே தருவார். என் பெயரையோ இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. "ஏ மருமகளே" போதும்.

நேற்றும் போனேன். கறுப்பு ஆணி கதையைச் சொன்னதுமே ஓஷ் பெண் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சொன்னா என்னாகும்?"

"தெரியல."

"இங்க எங்கக்கா இருக்காரு உங்க மாமனார்?"

"கதவுல."

வாயைத் திறந்தேன். வரவில்லை. "தள்ளுங்க, நான் சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். என் வீட்டை இன்னொருத்தி திறந்துவிட்டு நான் நுழைவதா?

கதவில் என் பெயரை வைத்தால் என்ன?

பெகிமாய்


நோவோசிபிர்ஸ்க், பிப்ரவரி 11

பெகிமாய்,

இது விளையாட்டு. மெதுவாகச் சொன்னால் யாருக்குக் கேட்கும்? பெயரை மாற்றச் சொல்லாதே. என் அண்ணனும் விளையாட்டில் அந்த வீட்டுக்கு வந்து போகிறான், என்ன நினைப்பான்? கோடையில் நான் ஊருக்கு வரும்வரை நாம் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கட்டும் என்றுதான் கட்டினேன்.

தாலாய்


நாரின், பிப்ரவரி 19

தாலாய்,

விளையாட்டு என்றால் மாற்றுவது சுலபம். அண்ணன் நினைப்பதுதான் கவலை என்றால் அது விளையாட்டே இல்லை.

இன்று அந்தக் கதவின் முன் நின்று "பெகிமாய்!" என்றேன். சத்தமாக. இந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் கேட்டு எவ்வளவு காலம்! கதவு அசையவில்லை. கருவியைக் கழற்றினால், உன் அம்மாதான் மாவுக் கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கூப்பிடுற?"

"என்னைத்தான், அத்தை."

பதில் எழுது.

பெகிமாய்


நாரின், மார்ச் 14

தாலாய்,

நீ எழுதவில்லை. கதவும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

அந்த உலகம் நீ சொன்னதைவிடப் பெரியது. கடல்வரை போனேன். நான் கடல் பார்த்ததே இல்லை. கரையில் எனக்கும் ஒரு வீடு கட்டுகிறேன். ஓஷ் பெண் கூட இருக்கிறாள், அவளும் நானும் முதல் சுவரைக் கோணலாக எழுப்பி, இடித்து, மறுபடி எழுப்பினோம். கூரையும் போட்டாயிற்று. கதவு மட்டும் பாக்கி. என் கதவு யார் பெயருக்குத் திறக்க வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அதற்கு முன் கடைசியாகக் கேட்கிறேன். உன் கதவில் என் பெயரை வை.

பெகிமாய்