சாப்பாட்டு ராமியின் பால்குடம்

ஜனவரி 17, சனி

விடாத மழை. ஜன்னல் கம்பத்தில் போட்ட பள்ளிச் சட்டை இன்னும் ஈரம்.

தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அண்ணன் எடுத்துப் படித்துவிடுவான். தமிழ் என்றால் இரண்டு வரியில் கொட்டாவி விட்டு மூடி வைத்துவிடுவான்.

சேதி: அம்மாவின் முட்டி. பொங்கலன்று காரிடார் ஈரத்தில் வழுக்கி விழுந்தாரே, அது சும்மா வீக்கம் இல்லையாம். தசைநார் கிழிந்திருக்கிறது. பல வாரம் நடக்கவே கூடாது என்றார் டாக்டர். அம்மா வலிக்கு அழவில்லை. டாக்சியில் ஏறியதும் "அப்ப தைப்பூசம்?" என்று கேட்டுவிட்டு அழுதார்.

நான் பிறந்ததிலிருந்து அம்மா வருடா வருடம் பால்குடம் எடுக்கிறார். எனக்காக நேர்ந்துகொண்டது. குறைமாதக் குழந்தை நான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தேன், பால் குடிக்கத் தெரியவில்லை. "இவ பால் குடிச்சாப் போதும் முருகா, உனக்கு வருஷா வருஷம் பால் கொண்டாறேன்." ஒரு வருடம்கூட விட்டதில்லை. அன்று குடிக்க ஆரம்பித்தவள் இன்னும் வாயை மூடவில்லை. "வேண்டுதல் ஓவரா பலிச்சிருச்சு" என்பான் அண்ணன்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்: "நான் எடுக்கிறேன்."

அப்பா கரண்டியோடு நின்றுவிட்டார். அம்மா: "நீயா? ரீசஸ் மணி அஞ்சு நிமிஷம் லேட்டானா உனக்குக் கை நடுங்கும்."

அண்ணன் (நேஷனல் சர்வீஸ், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சி; வார இறுதியில் மட்டும் வீட்டுத் தொல்லை): "அம்மா குடத்தோட டேங்க் ரோட் கோயில் வரைக்கும் நடக்குறப்ப ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க, தெரியும்ல? நீ சாப்பாட்டு ராமி. பாதி வழி, செலிகி போறதுக்குள்ள குடத்துப் பாலையே குடிச்சிருவே."

எனக்கு வந்ததே கோபம். "பார்த்துக்கிட்டே இரு" என்றேன். சொல்லும்போது வாயில் கோழித் தொடை. கொஞ்சம் எடுபடவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மழை தூறல். விரதம் இரண்டாம் நாள்.

அம்மாவின் சட்டம்: கறி, மீன், முட்டை கிடையாது. காலையில் பால். பள்ளி முடிந்து ஒரு வேளைச் சோறு. ராத்திரி பழம். வெளியே சாப்பிட்டால் என்ன, ஏது என்று கேட்டுச் சாப்பிட வேண்டும்.

ரீசஸ் இடைவேளை. கேண்டீன் முழுக்கப் பொரித்த கோழி வாசனை. இத்தனை நாள் இதற்குள் எப்படி சும்மா உட்கார்ந்திருந்தேன்? சும்மா எங்கே உட்கார்ந்தேன், தின்றுகொண்டிருந்தேன்.

நாடியா என் எதிரில் உட்கார்ந்து தட்டைத் தள்ளி வைத்தாள். ஆரம்பப் பள்ளியிலிருந்து அவள்தான் என் பக்கத்து நாற்காலி. "நோன்பு மாசத்துல நீ என் முன்னாடியே மீ கோரெங் சாப்பிட்டே. ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. "நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஐ அம் எ பெட்டர் பெர்சன்லா." தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டாள்.

கணக்குப் பாடம். வகுப்பே நிசப்தம். என் வயிறு ஒரு சத்தம் போட்டது. லாரி கியர் மாற்றுவது மாதிரி. ஆசிரியர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

ஜனவரி 22, வியாழன்

வெயில் வந்தது. வந்து என்ன பயன்.

மதியம் பிடோக் உணவுக் கடைத்தொகுதி. கலவைச் சோற்றுக் கடையில் பசியில் கண்ணாடிக்கு வெளியே விரலால் காட்டினேன்: சோயா தவ்ஹு, முட்டைக்கோஸ், கங்கோங் கீரை. கறி இல்லை, மீன் இல்லை. கோழியைப் பார்க்கக்கூட இல்லை. பெருமையாக வந்து உட்கார்ந்தேன். கங்கோங் அப்படி ஒரு ருசி. நாடியா தண்ணீர் வாங்கிக்கொண்டு வருவதற்குள் தட்டில் பாதி காலி.

அவள் குனிந்து மோந்தாள். "ஏய் மதி. இது பிளாச்சான்லா."

இறால். அரைத்து, காயவைத்து, கட்டியாக்கிய இறால். பிறந்ததிலிருந்து இந்த ஊர். கங்கோங் என்றால் பிளாச்சான் போட்டுத்தான் வதக்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பசி மறக்கடித்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்து செம்பவாங்கில் இருக்கும் சித்தியைக் கூப்பிட்டார்.

"ஹரிணிய எடுக்கச் சொல்லலாமா? ஆமாடி. இவளால முடியாது போல."

ஹரிணி சித்தி மகள். அரை இட்லியில் வயிறு நிறைகிறவள். அவளுக்கு விரதம் இருப்பது ஒரு பொருட்டா? காற்றைக் குடித்தே இருப்பாள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது அவளா? என் பாலை அவள் எதற்குத் தூக்க வேண்டும்?

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதால் இன்னும் பசிக்கிறது. யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஜனவரி 24, சனி

அண்ணன் நேற்று ராணுவ முகாமிலிருந்து புக் அவுட். வந்ததும் வராததுமாகக் கதை கேட்டுவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தான்.

நான் அம்மாவிடம் வாதாடினேன். "தெரியாமத்தானே சாப்பிட்டேன்? முருகனுக்கு பிளாச்சான்னா என்னன்னே தெரியாதும்மா."

அண்ணன்: "தெரியாம என்ன? அவரு எத்தனை வருஷமா டேங்க் ரோட் கோயில்ல இருக்காரு."

அம்மா உதட்டைக் கடித்தார். தாங்க முடியவில்லை. சிரித்துவிட்டார். விழுந்த பிறகு முதல் சிரிப்பு. அண்ணனை அந்த ஒரு நிமிடம் மன்னித்தேன்.

தீர்ப்பு: தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மறுபடி தொடங்க வேண்டும். இன்னொரு தடவை தப்பு நடந்தால் குடம் ஹரிணிக்கு. "அவகிட்ட தயாரா இருக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

தயாராக இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

காலை மழை, மதியம் புழுக்கம். இன்று நடந்ததை மறக்கக் கூடாது.

சமையல் பாடம், செய்முறைத் தேர்வு. மார்க் உண்டு. இரண்டிரண்டு பேராகக் கோழிக் குருமா. கோழி! வேறு எதுவுமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

கோழியைத் தொட்டதெல்லாம் நாடியா. நறுக்கியது, தாளித்தது, மசாலா நான். உப்பு பார்க்க வேண்டும். கரண்டி கையில். தேங்காய்ப்பால், பட்டை, கொத்தமல்லி ஆவி முகத்தில். ஒரு சொட்டு. நாக்கு நுனியில் ஒரே ஒரு சொட்டு. யாருக்குத் தெரியும்?

கரண்டியைக் கீழே வைத்தேன்.

நாடியா: "எங்க அம்மா நோன்புல வாசனையிலயே உப்பு கண்டுபிடிப்பாங்க. மோந்து பாரு." மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை, பசிதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. என்னமோ குறைகிற மாதிரி ஒரு தோற்றம். ஒரு சிட்டிகை போட்டேன். நாடியா ருசி பார்த்தாள். கண்ணை விரித்தாள்.

ஆசிரியர் சாப்பிட்டுவிட்டு எங்களிடம் நின்றார். "யார் உப்பு மசாலா சீசன் பண்ணது?" நாடியா என்னைக் காட்டி, "இவ டேஸ்டே பண்ணல, டீச்சர்." ஆசிரியர் நம்பவில்லை. நம்பாவிட்டால் போங்கள். வகுப்பிலேயே அதிக மார்க் எங்களுக்கு.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி தெம்பனிஸ் வரை போய்விட்டேன். பரவாயில்லை. தூக்கத்திலும் இளித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ஜனவரி 31, சனி

மேகமூட்டம். நாளைக்குத்தான் தைப்பூசம்.

காலை: அப்பாவோடு தேக்கா சந்தை. இடிபடாமல் ஒரு அடி வைக்க முடியவில்லை. வாங்கியது: மஞ்சள் துணி, கதம்பம், எலுமிச்சை, வாழைப்பழம், கற்பூரம். பூக்கடை அக்கா மல்லிகையை அளக்கும்போது, "யாரு எடுக்குறா?" "நான்தான்." என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு முழம் சும்மா கொடுத்தார். பக்கத்தில் வடை பொரிந்தது. வடை சைவம்தான். ஆனால் ஒரு வேளைச் சோறு என்றால் ஒரு வேளைச் சோறு. அப்பா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மதியம்: குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். அம்மாவின் குடம். கழுத்தருகே ஒரு நசுங்கல், நான் நடக்கப் பழகிய வயதில் கீழே தள்ளியதாம்.

மாலை: ஒத்திகை. குடத்தில் தண்ணீர் நிரப்பி, தலையில் வைத்து, காரிடாரில் நடை. முதல் நடை நன்று. இரண்டாம் நடையில் மூன்றாம் வீட்டுப் பூனை குறுக்கே. பாதித் தண்ணீர் என் முதுகில், மீதி அந்த வீட்டு ஆண்ட்டியின் செருப்புகளில். ஆண்ட்டி கதவைத் திறந்தார். நனைந்த என்னை, குடத்தை, செருப்பைப் பார்த்தார். "டுமாரோ ஈஸ் இட்?" தலையாட்டினேன். மாப் எடுத்து வந்து தானே துடைத்தார். "யூ வாக் அகெய்ன். ஐ ஹோல்ட் ஹிம்."

பூனையை ஆண்ட்டி இடுக்கிக்கொள்ள, மறுபடி நடந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அம்மா கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நன்று என்று சொல்லவில்லை. "கழுத்த இறுக்காத" என்றார். அவ்வளவுதான். அந்த வாயிலிருந்து பாராட்டு வாங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம்.

பயமாக இருக்கிறது. பசியும்தான். எது எது என்று பிரிக்க முடியவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

எழுதுகிறேன். கால் எரிகிறது. முழுக்க எழுதிவிட வேண்டும்.

விடியும் நேரம் சிராங்கூன் ரோடு கோயிலில் பால் ஊற்றி, மஞ்சள் துணி கட்டி, டேங்க் ரோடு வரை நடக்கத் தலையில் ஏற்றினார்கள். அண்ணன் பின்னால். அம்மா வீட்டில், போனில் அழைத்துக்கொண்டே இருந்தார், அண்ணன் எடுத்து "நடக்குறாம்மா, நடக்குறா" என்றபடி வந்தான்.

மழை பெய்து ஓய்ந்த ரோடு. வெறுங்காலுக்கு முதலில் சுகம். கொஞ்ச தூரத்தில் சின்னக் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உறுமி சத்தம், கற்பூரம், "வேல் வேல்". அதுவரை பசி தெரியவில்லை.

செலிகியில் தெரிந்தது. எங்கிருந்தோ ரொட்டி சுடும் வாசனை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்ப் பந்தலில் ஓர் அக்கா மோர் நீட்டினார். "குடிம்மா. மொதல் தடவையா?" தலையை ஆட்ட முடியாது, குடம். "வேணாங்க்கா" என்றேன்.

அண்ணன் இரண்டு கப் குடித்தான். "உனக்கும் சேத்துக் குடிக்கிறேன்லா." இந்த ஜென்மத்தில் இவனுக்கு ஒரு நல்ல வார்த்தை வராது.

டோபி காட் பந்தல். நேராக வைத்த அடி பக்கவாட்டில் போனது. இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை. முன்னால் வந்து முகத்தைப் பார்த்தான். "ஏய். ஒரு வாய் குடி. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். ப்ராமிஸ்."

"குடிச்சேன்னு எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவன் கையில் இருந்த மோரைத் தானும் குடிக்கவில்லை. திருப்பி வைத்துவிட்டு, குடம் சாய்ந்தால் பிடிக்கிற மாதிரி என் பக்கத்திலேயே நடந்தான். அதற்குப் பிறகு ஒரு கிண்டல் இல்லை. அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

டேங்க் ரோடு. கோபுரம் தெரிந்ததும் கண் மங்கியது, வியர்வை என்று வைத்துக்கொள்வோம். வாசலருகே சக்கர நாற்காலி. அம்மா! அப்பா எப்படியோ டாக்சி பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தார். துணி நனையவில்லை.

என் பால் வேல் மேல் விழுந்தது. வெள்ளையாக, நிறைய. பெட்டிக்குள் கிடந்தபோது என்னால் குடிக்க முடியாத பால். நானே சுமந்து வந்தேன். நான்!

வெளியே வந்ததும் அம்மா: "மோர் குடிச்சியா? மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"இல்லம்மா. நீங்கதான் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களே."

"யாரு சொன்னா? நான் டோபி காட்ல வருஷா வருஷம் ரெண்டு கப் குடிப்பேனே!"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் கோபுரத்தைப் பார்த்தான்.

அவனைக் கொன்றிருப்பேன், நிற்கத் தெம்பிருந்தால். தெம்பில்லை. அன்னதான வரிசையில் அவன்தான் போய் நின்றான், இரண்டு பேர் சோற்றை எனக்கு வாங்கி வந்தான், அவனாகவே மண்டையைக் குனிந்து காட்டினான். ஒரு குட்டு கொடுத்தேன். பலமாக இல்லை. சாம்பார் சோற்றை மென்றுகொண்டிருந்தேன்.

மாலை, வீடு. அப்பா தோசை ஊற்றுகிறார். எத்தனை ஆனது என்று நான் எண்ணவில்லை, அண்ணன் எண்ணுகிறான். இதை எழுதுகிற மேசைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவே மெல்லிய சுவர். அம்மா சித்தியோடு போனில். பேச்சு அப்படியே கேட்கிறது:

"ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலடி. ஒரு சொட்டு. நானே குடிப்பேன்... ம். ம். ஹரிணி நல்ல புள்ளதான், யாரு இல்லன்னா? ஆனா வேணாம்... முட்டி சரியானா நான் கூட நடந்து வருவேன். கொடம் இனிமே மதியோடது."

பேனாவை வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன்.

இப்போது போனைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் கத்துகிறார், எப்போதும் என்னைத் திட்டுகிற அதே குரலில்:

"என்னங்க, எம் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு ஊத்துங்க!"