கரண்ட் தொட்டியும் குபோகியின் துண்டும்

அமகசாகி, ஜப்பான்

அன்பு மகள் மினோரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எப்போதும் முதல் வரியில் எழுதுவேன், இந்தத் தடவை அதைக் கடைசியில்தான் எழுதப் போகிறேன், அதுவரை பதறாமல் படி. போனில் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய், பிரேசில் என்ன பக்கத்துத் தெருவா?

புது வருஷம் கழிந்ததிலிருந்தே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நம் பொதுக் குளியல்கடைத் தரையைத் தேய்த்து முடிப்பதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. "நீராவிதான், வேற ஒண்ணுமில்ல" என்று சாதித்தார். இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத நீராவி இப்போது மட்டும் என்ன செய்துவிடும்? இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இதயம் பலவீனமாகிவிட்டதாம், அதன் இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்காமல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறதாம், மாத்திரை மட்டும் போதாதாம். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்து இதயத்துக்குக் கம்பி விட்டால் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் துடிக்க வைக்குமாம், இதயம் தறிகெட்டு ஓடினால் ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யுமாம். வைக்காவிட்டால் எந்த நேரமும் நின்றுபோகலாம் என்றார்.

உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. கரண்ட் தொட்டியில் இறங்கலாமா? கூடவே கூடாது என்றதும் "அப்ப வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டார். நம் கடைக்குக் கூட்டம் வருவதே அந்தத் தொட்டிக்காகத்தானே, தண்ணீரில் லேசாக மின்சாரம் விட்டு இடுப்பு வலியைப் பிடுங்கியெடுக்கிற தொட்டி. தினமும் கடை திறக்குமுன் அவர்தான் இறங்கிச் சுருக்கென்று இருக்கிறதா என்று பார்ப்பார். 'இதயக் கருவி உள்ளவர்கள் இந்தத் தொட்டியில் இறங்க வேண்டாம்' என்ற பலகையும் அவர் கையால் எழுதியதுதான். "என் பலகையே என்னை வெளிய தள்ளணுமா? தொட்டியில கால் வைக்க முடியாதவன் என்ன குளியல்கடைக்காரன்?" என்று கத்தினார். கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ம்ஹும், அசையவில்லை.

நீ அங்கே போன பிறகு குபோகி என்று ஒருவர் வாடிக்கையாக வருகிறார், ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லோரும் துண்டைத் தலையில் மடித்து வைத்துத் தொட்டியில் உட்கார்ந்தால் இவர் மட்டும் இடது தோளை மூடிக்கொள்வார். வாலிபத்தில் ரௌடிக் கூட்டத்தில் சேர்ந்து பச்சை குத்தியிருப்பார் என்று கடையே முடிவு கட்டியிருந்தது. "நமக்கெதுக்கு, பாக்காத மாதிரி இருந்துடுங்க" என்று அப்பாதான் எல்லோரையும் அடக்கி, பெரிய மனசோடு அவருக்கு மூலை இடத்தை விட்டுவைப்பார். அந்த வாரம் ஒரு நாள் கல்லாவில் நான் உட்கார்ந்திருக்க, என்னம்மா முகம் வாடியிருக்கு என்று குபோகி கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஆண்கள் பக்கம் அவர் குரல் கேட்டது. "ஓய் முதலாளி, அந்த வாளியை வச்சுட்டு இங்க வாரும், இதைப் பாரும்" என்று துண்டை எடுத்துவிட்டாராம். பச்சையும் இல்லை, டிராகனும் இல்லை, தோலுக்கடியில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு மேடு. அதே கருவி! "ஒருதரம் உதைச்சுது பாரும், கழுதை உதைச்ச மாதிரி. ஆனா கண்ணு முழிச்சேன்ல?" என்றார். அப்பா மெதுவாக, "நான் பச்சைன்னுல்ல நினைச்சேன்" என்றார். உள்ளே எழுந்த சிரிப்பில் பெண்கள் பக்கத்திலிருந்து என்ன என்ன என்று கேட்டார்கள். குபோகி விடவில்லை. "உம்ம பலகையைப் பாத்துதான்யா நான் தைரியமா இந்தக் கடைக்கு வந்தேன். அந்தத் தொட்டி வேண்டாம்னுதானே எழுதியிருக்கீர், கடைக்கே வராதேன்னா எழுதியிருக்கீர்? மிச்சத் தொட்டியெல்லாம் யாருக்கு?"

அன்று அப்பா உப்புக் குறைத்த மிசோ சூப்பை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "டாக்டருக்குப் போன் போடு" என்றார்.

கருவி வைத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. நேற்றுத்தான் வெந்நீரில் இறங்க அனுமதி கிடைத்தது. சாதாரணத் தொட்டியில் குபோகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், இரண்டு பேர் தோளிலும் துண்டு இல்லையாம். சூடு போதாது என்று அவர்கள் போட்ட சண்டை கல்லா வரை கேட்டது, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முழுசாகக் குணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, மாத்திரை எப்போதும் உண்டு, ஆனால் மாடிப்படி ஏறி வந்து என்னிடம் வம்பு பண்ணுகிறார், அது போதும். கரண்ட் தொட்டியைச் சோதிப்பது இப்போது நான்தான். நான் போடுகிற கூச்சலை வெளியிலிருந்து கேட்டுவிட்டு "இன்னைக்குச் சரியா இருக்கு" என்கிறார், கொழுப்பைப் பார்! உமெப் பழ ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், உப்பு ஆகாதென்பதால் அவர் பங்கும் உனக்கே.

இலையுதிர்காலத்தில் வரும்போது ஒன்றை மறக்காதே. போன தடவை விமான நிலையத்தில் அந்த ஊர் வழக்கப்படி நீ அப்பாவைக் கட்டிப்பிடித்தாய், அவர் மரக்கட்டை மாதிரி நின்றார். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது வேறு ஏதாவது கேட்கணுமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, தரையைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு கட்டிப்பிடிச்சா கருவிக்கு ஏதும் ஆகுமா" என்றார். ஒன்றும் ஆகாதாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் நலம்.

உன் அம்மா,
சிஸுயே