'பரவாயில்லை' என்றவர்கள்

நாள் 88 – 07:10
சுற்றுப்பாதை ஆய்வுக்கூடம். ஆள்: ஒருவர். சிவநேசன், வயது ஐம்பத்திரண்டு, வழுக்கை நிலையாக இருக்கிறது. கீழே செவ்வாய்க் குடியிருப்பில் சாம்பல் காய்ச்சல். என் மருந்து போட்டுக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறிவிட்டதாக வார்டு எந்திரம் சொல்கிறது. கட்டுரை அனுப்பியாயிற்று. கண்ணாடியில் என்னை நானே 'ஐயா' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பொருந்துகிறது.

நாள் 90 – 16:40
தேறியவர்களில் என் மனைவி அமலியும் இருக்கிறாள். ஆசையாக அவள் குரல் பதிவைப் போட்டேன்.
எந்திரம்: "எப்படி இருக்கிறீர்கள்?"
அமலி, மூச்சு இரைக்க: "பரவால்லம்மா... நீ சாப்டியா?"
எந்திரத்திடம் போய் 'சாப்பிட்டாயா' என்று கேட்கிறாள். சிரித்தேன். பிறகு மற்றவர்களின் பதிவுகளையும் கேட்டேன். இருமிக்கொண்டே பரவாயில்லை, முனகிக்கொண்டே பரவாயில்லை. விசாரிக்க வந்தவர் மனம் நோகக்கூடாதாம். எந்திரம் ஒவ்வொன்றையும் 'குணம்' என்று பதிந்திருக்கிறது. 'பரவாயில்லை' என்றால் குணம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்த மேதை அடியேன்தான்.
அவசரம் என்று இரத்தப் பரிசோதனையை விட்டிருந்தோம். இப்போது எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாள் 91 – 09:05
மருந்து போட்டவர், போடாதவர், இருவர் இரத்தத்திலும் கிருமி ஒரே அளவு. நான் கண்டுபிடித்தது தண்ணீர்.
கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். குடியிருப்பின் இயக்குநர் பரிமளம் அம்மையாரின் பதில்:
"சிவா, விளையாடுறியா? தேறினவங்களை நாளைக்கு வெளிய விடப்போறோம். ஜனங்க வாசல்ல கோலம் போட்டு வச்சிருக்காங்கய்யா! கையெழுத்தைப் போட்டுட்டு வாயை மூடிட்டு இரு."
வார்டுக் கதவு என் கையெழுத்துக்குத்தான் திறக்கும். வெளியே நாலாயிரம் பேர், காய்ச்சல் தொடாதவர்கள். உள்ளே அமலி.
பசிக்கவில்லை. துக்கமும் இல்லை. பல்மருத்துவர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, உடம்பு முழுக்க.

நாள் 92 – 06:00
இதை எடுத்துப் படிப்பவருக்கு: கையெழுத்துப் போடவில்லை. கதவைப் பூட்டியே வைத்தவன் நான்தான். பரிமளத்தைத் திட்டாதீர்கள், அவருக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

நாள் 92 – 11:30
வார்டிலிருந்து அமலியின் அழைப்பு:
"என்னங்க, கதவு தொறக்கலையே. எல்லாரும் சேலை மாத்திட்டு நிக்கிறோம். யாரோ வேணும்னே பூட்டிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. எந்தப் பாவி தெரியல. நீங்கதான் பெரிய ஆளாச்சே, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

11:52
பதில் பொத்தான் எரிகிறது. அமலி, அந்தப் பாவி

12:40
இருமல் கேட்கிறது. அழைப்பை அவள் துண்டிக்கவில்லை. நானும்