கதவைக் கழற்றிய வாரம்

அன்பு மகனுக்கு,

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய வீட்டுக்காரர் இறந்தபின் வீடு அவருடைய மருமகன் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டப்போகிறாராம். காலி செய்யச் சொன்னார். அப்பாவுக்குப் படி ஏற முடியாது, தரைத்தளத்தில் ஒரு வீடு அமையும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். மறுநாளிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் ரிப்பேர் என்றார், அவருடைய ஆட்களோ முன்பக்கம் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் பிடித்து வந்து ஒப்பேற்றினேன், உனக்குச் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், வாசலில் கதவைக் காணோம். நிலை மட்டும் நிற்கிறது. ஒரு தச்சர் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீல்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கும்படி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வார்த்தையைத் தேடித் தேடியாவது பேசுபவர், அன்று வாயே திறக்கவில்லை. தச்சர் என் முகத்தைப் பார்க்காமல், "கதவு பழசாயிடுச்சு, மாத்தணும்னு சொன்னாங்கம்மா. உள்ள ஆள் படுத்திருக்காங்கன்னு சொல்லல" என்றார். அவர் திரும்ப மாட்டப் போனால் புது வீட்டுக்காரரின் ஆட்கள் விடவில்லை, கதவைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். படுக்கை விரிப்புகள் இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டேன், மூன்று நாள் அதற்குப் பின்னால்தான் குடித்தனம்.

மறுநாள் அந்தத் தச்சரே வந்து, "நீங்க போக வேண்டிய இடத்துக்குப் போயிட்டு வாங்க, நான் வாசல்ல உக்காந்திருக்கேன்" என்றார். நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் இலவச சட்ட உதவிக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்த வக்கீல் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் அழத் தயாராகப் போனேன், அவளோ எடுத்ததும், "தண்ணி எந்தத் தேதியில நின்னுச்சு?" என்று கேட்டாள். நல்லவேளை, அளவு எழுதும் நோட்டின் ஓரத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தேன், யாருடைய இடுப்பளவுக்கோ பக்கத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது போதும்மா. கோர்ட் உத்தரவு இல்லாம உங்க கதவுல கை வைக்க யாருக்கும் உரிமை இல்ல. மனுவை நீங்களே எழுதலாம், நீங்களே பேசலாம்" என்றாள். அடித்துத் திருத்தி நான்கு தாள் வீணாக்கி, என் கையாலேயே எழுதினேன். யார் சொல்லிக் கழற்றினேன் என்று தச்சரும் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. நான் சொன்னதையெல்லாம் நீதிபதி கேட்டுக்கொண்டார். அதன்பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். நீ புது வீட்டுக்காரருக்கு அனுப்பிய செய்தி. மாதக் கடைசிக்குள் அம்மா அப்பாவைக் காலி செய்ய வைத்துவிடுகிறேன், பிரச்சினை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கதவு போனபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை, தம்பி. "உங்க மகன் ஒத்துக்கிட்டிருக்காரே, என்ன சொல்றீங்க?" என்று நீதிபதி கேட்டார். "வாடகை ஒப்பந்தம் என் பேர்ல இருக்குங்க. அவன் வெளியூர் போய் ஒன்பது வருஷமாச்சு. அவனுக்கு எங்க மேல பாசம் இருக்கு, எங்களுக்காகப் பேசுற அதிகாரம் இல்ல" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை.

அன்று மாலைக்குள் கதவை மாட்டித் தண்ணீர் விட வேண்டும், வழக்கு முடியும்வரை எங்களைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. தச்சரே வந்து மாட்டினார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தா... தாப்பா போடு" என்றார். கதவு போனதற்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. வீட்டுக்காரர் முறைப்படி வழக்கு நடத்தினால் ஒருநாள் போகத்தான் வேண்டியிருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க மாட்டேன். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அந்த மனிதர் நைச்சியமாகப் பேசியிருப்பார், தூரத்தில் இருப்பவனுக்கு எதுவும் பெரிதாகத்தான் தெரியும். இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இனி வீட்டுக்காரர் கூப்பிட்டால் அம்மாவைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

எங்கள் இருவர் ஆசியும் என்றும் உனக்கு உண்டு, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அம்மாவைக் கேட்காமல்தான் அந்தச் செய்தியை அனுப்பினேன் என்று நீ சொல்வதாக வக்கீல் பெண் எழுதித் தந்தது. இருபதாம் தேதி அடுத்த விசாரணை, அதற்குள் கையெழுத்திட்டு அனுப்பு. போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படி. அம்மா அனுப்பியதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதே.

உன் அம்மா