உறை பிரிக்காத விளக்கு

வெயிலில் காய்ந்து வடகமாகிக்கொண்டிருக்கும் அன்பு அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கமாட்டேன். உன் ஊரில் இப்போது கோடைக்காலம், போட்டோவில் உன் மூக்குத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தேன். இங்கே மூக்கு இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சூரியன் மதியம் வந்து ஆஜர் சொல்லிவிட்டு உடனே லீவு போட்டுவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே வர விமான டிக்கெட் எடுத்திருப்பதாக அப்பா சொன்னார். ரத்து செய்துவிடு. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் உனக்கு என் குரல் கேட்கும்.

அம்மாவுக்கு இந்தக் குளிர்காலமும் அந்தச் சோர்வு வந்துவிட்டது. ஒருநாள் காலை தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் டிரைவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அதோடு வேலைக்குப் போவது நின்றது.

டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னார். மனசைத் தாங்கிப் பிடிக்க மூளையில் இருப்பவற்றில் செரட்டோனின் என்பதும் ஒன்றாம். அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு புரதம் உண்டாம். பகல் வெளிச்சம் குறைகிற மாதங்களில் சிலருக்கு அந்தப் புரதம் பெருகிவிடுகிறதாம். நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவப் போவாரே நம் அப்பா, அந்த ரகம். மற்றவர்களுக்கு உடம்பே அதை அடக்கி வைத்துவிடுமாம். யாருக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கும் என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் அம்மாகூடப் பிறந்த மாமாவைப் பற்றிச் சொன்னேன். எந்த மாதம் இறந்தார் என்றார். சொன்னேன். அதுவும் குளிர்கால மாதம் என்று குறித்துக்கொண்டார்.

பகல் போல வெளிச்சம் தரும் ஒரு விளக்குப் பெட்டி வாங்கச் சொன்னார். எழுந்ததும் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தோம். நம் வீடு உனக்குத் தெரியாதா? இருப்பது ஒரே அறை. பேக்கரியில் ராத்திரி வேலை முடித்து, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா வந்து படுப்பார். அவர் தூங்குவதற்காக அம்மா தன் கையாலேயே தைத்து மாட்டிய கறுப்புத் துணி ஜன்னலில். சாயங்காலம் வந்து, விளக்கு முன்னாடி உட்கார்ந்தியாம்மா என்றால் ம் என்பாள்.

போன மாதம் விளக்கைத் துடைக்க எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒருநாளும் போடவே இல்லை, அக்கா. ஏம்மா என்றால், அப்பா தூக்கம் கெட்டுடுமே என்கிறாள். அப்பா கறுப்புத் துணியைக் கொக்கியோடு பிடுங்கி எறிந்தார். வெளியே பார்த்தால், அங்கேயும் இருட்டுதான்.

இப்போது விளக்கு தினமும் எரிகிறது. அப்பா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவதாக நடிக்கிறார். குறட்டைகூட விட்டுக் காட்டுகிறார், நடிப்பு மகா மட்டம். அம்மா அத்தனை ஒளிக்கு முன்னால் உட்கார்ந்தும் எங்கோ ஒளிந்திருக்கிறாள். மாத்திரையும் போடுகிறாள். பொறுங்கள் என்கிறார் டாக்டரம்மா. பொறுக்கிறோம்.

முந்தாநாள் சர்க்கரை டப்பாவில் உப்பை நிரப்பி வைத்தேன். நோக்கம் உயர்ந்த நோக்கம்: திட்டு வாங்குவது. கோடையில் இதே வேலைக்குக் கரண்டியோடு தெருமுனை வரை துரத்தியவள் அவள். இந்த முறை டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நீ வரப்போகிறாய் என்றதும்தான் வாயைத் திறந்தாள். அவளை வரவிடாதே, அவளுக்கும் இங்க இருந்தப்ப இப்படித்தானே ஆச்சு, வெயில்லயே இருக்கட்டும் என்றாள். நீ பரீட்சைக்குக்கூடப் போகாமல் போர்வைக்குள் கிடந்தாயே, வீடே சோம்பல் என்று சொன்னதே, அதைத்தான் சொல்கிறாள். இந்த மாதம் முழுக்க அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அதையாவது காப்பாற்றிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் கொஞ்சம் அதிகம். வகுப்பில் இப்போதெல்லாம் யாரும் நாற்காலியைத் தடவிப் பார்க்காமல் தைரியமாக உட்காருகிறார்கள். என்ன வாலு, திருந்திட்டியா என்று டீச்சர் கேட்டார். ஆமாம் டீச்சர் என்றேன்.

அதனால் வராதே. இது விளையாட்டு இல்லை, நிஜமாகவே வராதே. ரத்து செய்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ சொல்லும்வரை, வாசல் மணி அடித்தால் போதும், நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துகொண்டிருக்கிறேன்.

நன்றாக இரு, அக்கா. அங்கேயே நன்றாக இரு.

உன் தங்கை