எண்ணிக்கையில் வராத பிள்ளை

பாகூர்
11-2-1987

அன்பு மகன் ரஷீதுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் சுகம், துபாயில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க துஆ செய்கிறோம். நீ கொடுத்தனுப்பிய தைலம் வந்தது, உன் அம்மா அதை முட்டிக்குத் தடவுகிறாளா மோந்து பார்த்தே தீர்க்கிறாளா தெரியவில்லை. நான் எழுத வந்தது உன் சின்னவன் ஷரீபைப் பற்றி. அவனுக்கு இளம்பிள்ளை வாதத்துக்கான சொட்டு மருந்து போடவே இல்லை என்பது போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

மருந்து ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று சோதிக்க ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். எந்தத் தெரு என்று ஊர்க்காரர் யாரும் சொல்லக்கூடாதாம், முச்சந்தியில் காலி சோடா பாட்டிலைப் படுக்கவைத்துச் சுற்றிவிட்டு அதன் கழுத்து காட்டும் பக்கம் போவார்களாம். பாட்டில் நம் கடையுடையதுதான். இது என்ன விளையாட்டு என்று சிரித்தேன். அது நம் தெருவைக் காட்டி நின்றது, வீடு காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வீடு எத்தனை பிள்ளை என்று கேட்டார், பெண்களும் தயங்காமல் சொன்னார்கள், எல்லோருக்கும் ஊத்தியாச்சுங்க என்றார்கள். மருந்து போட்டவர்கள் எழுதியதோடு அப்படியே பொருந்தியது, டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் உறுத்தியது. பட்டப்பகல், குஞ்சு குளுவான் நிறைந்த தெரு, ஒரு அழுகைச் சத்தம்கூட இல்லை. தனக்கொடி வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் ஒரு கொலுசு சிணுங்கிச் சட்டென்று நின்றது. அடுத்த வீட்டில் கதவின் அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் அசையாமல் தெரிந்தன. கண் படும் என்று பிள்ளைகளில் ஒன்றைக் குறைத்துச் சொல்வது நம் பக்கத்து வழக்கம்தானே, மருந்து போட வந்தவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். ஒளித்த பிள்ளை அந்தக் கணக்கிலும் இல்லை, இந்தக் கணக்கிலும் இல்லை.

நம் வாசலுக்கு வந்தோம். மருமகள் சல்மா கண் இமைக்காமல், ஒண்ணுதாங்க, பரிதா மட்டும்தான், ரெண்டு தபா ஊத்தியாச்சு என்றாள். முதல் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மேலத்தெரு உலகநாதன் பேத்திக்குப் போன மாதம் ஒரு கால் துவண்டுவிட்டது, அவளும் இப்படி ஒளித்துவைத்த பிள்ளைதான். மனசு கேட்காமல், வெளிய வாடா, தாத்தாதான் கூப்புடறேன் என்று சத்தம் போட்டேன். கடைத் தாத்தா குரல் கேட்டால் மிட்டாய் கிடைக்கும் என்று தெருப் பிள்ளைகளுக்குப் பழக்கம். எதிர்வீட்டிலிருந்து ஒன்று வந்தது. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து, அதற்கடுத்த வீட்டிலிருந்து. வெயிலில் வந்து நின்று எங்களையே பார்த்தன. இவங்கெல்லாம் யாரு என்று டாக்டரம்மா கேட்டார். அத்தனை பிள்ளைகள் வந்தும் நம் ஷரீப் வரவில்லை. உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன், கட்டிலுக்கடியில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு படுத்திருந்தான்.

விட்டுப்போன பிள்ளைகளுக்கு மருந்து போட அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். அவரு சொன்னா ஊத்திக்கிறேன் மாமா என்று சல்மா சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அவனை மடியில் உட்காரவைத்து, நம்ம வூட்ல யார் யாரு இருக்கோம் சொல்லு என்றேன். தாத்தா, ஆயா, அம்மா, பரிதாக்கா, துபாய் அத்தா, செவப்புக் கோழி என்று சொல்லி நிறுத்தினான். அப்புறம் என்றேன். அவ்ளோதான் என்றான். ரஷீது, நீயும் கண் படும் என்ற அதே பயத்தில் ஒவ்வொரு கடிதத்திலும் பரிதா சுகமா என்று மட்டுமே கேட்கிறாய்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். இது கண்டவுடன் சல்மாவுக்கு எழுது. அதில் அவன் பெயரைப் போட்டு எழுது, அவனுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
காஜா மொய்தீன்