ஆடித் தள்ளுபடியில் மாப்பிள்ளை பார்த்தது

2006 ஜூலை 15, சனி

காலையிலிருந்து கோப்பை, கோப்பை, கோப்பை. சூளையிலிருந்து இறங்குவதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் இந்தப் பக்கம், சத்தம் செத்திருந்தால் அந்தப் பக்கம் வைப்பது எங்கள் பீங்கான் யூனிட்டில் எனக்கும் கமலக்காவுக்கும் வேலை. வழக்கமாக நல்லதைத்தான் பெட்டி கட்டுவோம். இன்று முதலாளி வந்து, "கழிச்சு வச்சதையெல்லாம் கட்டுங்கம்மா, கடைவீதி ஜவுளிக்கடைல நாலாயிரம் கேட்டிருக்காங்க" என்றார். ஆடித் தள்ளுபடிக்கு இலவசமாம். ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஆறு கோப்பை சும்மா! பெட்டியில் ஒட்டக் கொடுத்த சீட்டில் 'உயர்தரப் பீங்கான்' என்று கொட்டை எழுத்து. கமலக்கா சிரித்த சிரிப்பில் ஒரு உயர்தரம் கை நழுவி உடைந்தது.

பெரியார் நகர் வீட்டுக்கு வந்தால் அம்மா முகமெல்லாம் பல். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு ஜாதகம் வந்து எனக்குப் பொருந்திவிட்டதாம். பையன் பெயர் நந்தகுமார். விருத்தாசலத்தில்தான் வேலை. எங்கே என்று கேட்டேன்.

"கடவீதில மூணு மாடி ஜவுளிக்கட இருக்குதுல்ல, அதுல சேல்ஸ்மேன். ரெண்டாவது மாடி, பொடவ செக்ஷன்."

என் கோப்பை போகிற அதே கடை! சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன். அம்மா வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆவணி வரைக்கும் பேச்சும் கிடையாது, பெண் பார்ப்பதும் கிடையாது. எல்லாம் ஒரு மாதம் அப்படியே நிற்கும்.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் தள்ளுபடி, தள்ளுபடி என்று கத்துகிறார்கள். ஒவ்வொரு தடவையும் என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி தூக்கிப் போடுகிறது.

ஜூலை 20, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வந்து கால் மணி நேரம் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பித் தட்டைப் பார்ப்பேன். அவ்வளவுதானா?

அக்கா பிரபாவுக்கு அப்படித்தான் நடந்தது. சர்க்கார் வேலை என்றார்கள். கல்யாணம் ஆகி மூன்றாம் மாதம் தெரிந்தது, தினக்கூலி. கூலி வேலை ஒன்றும் குற்றமில்லை. பொய் சொன்னார்கள் பாருங்கள், அதை அவளால் இன்னும் விழுங்க முடியவில்லை. எனக்கு அழகு வேண்டாம், பணம் வேண்டாம். பொய் சொல்லாத ஆளாக இருந்தால் போதும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் ஆள் சேல்ஸ்மேன்!

ஒரு யோசனை இருக்கிறது. அவர் ஆவணியில் பெண் பார்க்கட்டும். நான் ஆடியிலேயே மாப்பிள்ளை பார்த்துவிட்டால்?

ஜூலை 23, ஞாயிறு

பார்த்துவிட்டேன்!!!

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழறிவிடும். அம்மாவிடம் கமலக்காவோடு போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கடையில் மூச்சு விட இடமில்லை. மங்கலம்பேட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டாவது மாடிக்குத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள், நான் ஏறவே இல்லை.

சட்டையில் பெயர் குத்தியிருந்தார்கள். நந்தகுமார். ஒல்லி. மாநிறம். காதுக்குப் பின்னால் பேனா. பார்த்ததும் நான் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்து, "பொடவை" என்று மட்டும் சொன்னேன். புடவைக் கடையில் நின்றுகொண்டு!

"பொடவதாங்க, எல்லாமே பொடவதான்" என்றார், சிரிக்காமல்.

முன்னால் இருந்த அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். அறுநூறு என்று போட்டு அடித்து நானூறு என்று எழுதியிருந்தது. குரலைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு, "உண்மையிலேயே கொறச்சிருக்கீங்களா, இல்ல சும்மா எழுதி ஒட்டுனதா?" என்றேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "இந்த அடுக்கு ஆடிக்குன்னே வந்த சரக்குங்க. இது எப்பவுமே நானூறுதான். அதோ, மூலைல இருக்குது பாருங்க, அது பொங்கலுக்கு வந்து தங்கிப்போனது. அதுல நெஜமாவே பாதி கொறச்சிருக்காங்க. தீவாளி சரக்கு வர்றதுக்குள்ள எடத்தக் காலி பண்ணணுமில்ல?"

சரி, அடுத்த கேள்வி. விடை எனக்கு மட்டும் தெரிந்த கேள்வி. "ஆயிரத்துக்கு எடுத்தா கோப்பை தர்றீங்களாமே. நல்ல கோப்பையா?"

"அதுக்காவ ஆயிரம் ஆக்காதீங்க. ரெண்டாந்தரங்க அது. சுடச்சுட ஊத்துனா விரிசல் வுட்டுரும். நான் வூட்டுக்கு ஒரு பெட்டி எடுத்துட்டுப் போனேன். எங்கம்மாவுக்குப் பாதிக் காப்பி வாயில, பாதிக் காப்பி மடியில."

நான் தட்டிக் கழித்த கோப்பை! என் வருங்கால மாமியார் மடியில்! சிரிப்பு வெடித்துவிட்டது. இருமுகிற மாதிரி நடித்தேன். அவர் யாரையோ கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மூலை அடுக்கிலிருந்து மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூ நிறக் கரை போட்ட புடவை ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன். பாலக்கரை வரைக்கும் நடந்ததே தெரியவில்லை.

ஜூலை 24, திங்கள்

இன்று நல்ல கோப்பை பதினொன்றைக் கழித்த பக்கம் வைத்துவிட்டேன். கமலக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 26, புதன்

நாசம்.

அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள்: "ஜாதகத்தோட ஒன் போட்டோவையும் சேத்துதான் குடுத்தனுப்புனோம். தலயச் சாச்சுக்கிட்டு நிப்பியே, ஸ்டுடியோல எடுத்தது."

அப்படியென்றால் அவருக்கு என்னைத் தெரியும். பார்த்தவுடனே தெரிந்திருக்கும். பார்க்கப்போகிற பெண்ணே வந்து நிற்கிறாள் என்று உண்மை உண்மையாக அள்ளி விட்டிருக்கிறார். காப்பிக் கதை வேறு! அது எனக்கென்று போட்ட தனித் தள்ளுபடியா? நானும் இளித்துக்கொண்டு வாங்கி வந்திருக்கிறேன். பிரபாக்காவை ஏமாளி என்று சொன்னேனே, நான் யாராம்?

ஜூலை 30, ஞாயிறு

கமலக்காவை அனுப்பினேன். முன்பின் தெரியாத ஆளிடம் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா இரண்டு மணி நேரம் கழித்து மூன்று புடவை, ஆறு கோப்பையோடு வந்தாள். மூன்றும் அந்த முன் அடுக்குப் புடவை!

"என்னாக்கா சொன்னாரு?"

"ஒங்களுக்கு இது நல்லா இருக்குதுக்கான்னாரு. தங்கமான புள்ள, பாரதி. கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்க."

"கோப்பையப் பத்தி?"

"கோப்பைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். இலவசந்தானே!"

அவளே கழித்த கோப்பை. ஆறு. கையில் பிடித்துக்கொண்டு பெருமையாக நிற்கிறாள்! யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆகஸ்ட் 1, செவ்வாய்

எனக்கு ஒரு பேச்சு, கமலக்காவுக்கு ஒரு பேச்சு. வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். காரணம் கேட்டால்? ஆடியில் நானே போய்ப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அம்மா தோலை உரித்துவிடுவாள். என்னாத்த சொல்றது? தலவலி.

அந்த ஆள் மூஞ்சியும் மறக்கமாட்டேங்குது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. யூனிட் லீவு. அம்மா மணிமுத்தாற்றில் சாமி கும்பிட்டு, என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, நல்ல புருஷன் அமையணும்னு வேண்டிக்கடி என்றாள். வேண்டிக்கொண்டேன். அப்படியே நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

இதை எழுதும்போது காது இன்னும் சூடாக இருக்கிறது. படியேறிப் போய், "என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க, போன ஞாயித்துக்கெழம மூணு பொடவ எடுத்தாங்களே ஒரு அக்கா, அவங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் பயந்துபோனார். "அவங்க கேக்கலீங்க. எனக்கு இது நல்லா இருக்குமான்னு கேட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, நல்லா இருக்குதுன்னேன். நானா ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி இதெல்லாம் சொன்னா, மொதலாளி அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிருவாரு. ஆனா கேட்டா பொய் சொல்லமாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

அதோடு திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தேனா?

"போட்டோவப் பாத்துட்டு, இன்னாருன்னு தெரிஞ்சுதானே என்கிட்ட மட்டும் நல்லவரு மாதிரி பேசுனீங்க!"

"எந்த போட்டோ?"

அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல, என் கண் முன்னாலேயே, அவருக்கு விளங்க ஆரம்பித்தது. "பெரியார் நகர் பொண்ணா?" என்றார். "எங்கம்மா ஆடி முடியறவரைக்கும் பாக்கக்கூடாதுன்னு போட்டோவ பீரோல வச்சுப் பூட்டிட்டாங்களே..."

நான் ஓடிவந்துவிட்டேன். எதிரே வந்த கூட்டம் முழுவதையும் இடித்துக்கொண்டு, இரண்டு மாடிப் படியையும் தடதடவென்று இறங்கி ஓடிவந்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

அவருக்குத் தெரியாது. என்னை யாரென்றே தெரியாமல்தான் அத்தனை உண்மையும் சொல்லியிருக்கிறார். சந்தோஷத்தில் நான்கு தடவை எழுந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது தடவை உறைத்தது: இப்போது அவருக்குத் தெரியும். ஆடி மாதத்தில், அழைக்காமல், தானாகக் கிளம்பி வந்து மாப்பிள்ளையைச் சோதித்துவிட்டுச் சண்டையும் போட்ட பெண். எந்த வீட்டில் எடுப்பார்கள்? எனக்கு அவர்தான் வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. நானே கெடுத்துக்கொண்டேனே.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மூன்றாம் தேதி வருகிறார்கள்! அவர் வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியும் வருகிறார்களா? தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

அம்மா அந்த மஞ்சள் புடவையைத்தான் கட்டச் சொன்னாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "இந்தக் கலரு ஒனக்கு எடுப்பா இருக்குதுடி" என்று அவளே கொசுவம் வைத்துவிட்டாள்.

கூடத்தில் அவரும் அவருடைய அம்மா காசியம்மாளும் இன்னும் நான்கைந்து பேரும். காப்பி கொடுத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, தட்டிலிருந்த காராபூந்தியை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காசியம்மாள் என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பொடவ, எங்க எடுத்தீங்க?" என்றார்.

என் அம்மாவுக்கு ஒரே பெருமை. "ஒங்க புள்ள கடையிலதாங்க! ஆடித் தள்ளுபடில பாரதியே போயி எடுத்தா. ரெண்டாவது மாடில."

காசியம்மாள் மெதுவாகத் திரும்பினார். "ரெண்டாவது மாடியா? நீ இந்தப் பொண்ணப் பாத்திருக்கியாடா?"

கேட்டுவிட்டார்! இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் பிழைக்கும். சொல்லுங்க, சொல்லுங்க என்று கால் விரலைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவர் வேர்த்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பாத்தேம்மா. ரெண்டு தடவ. மொத தடவ யாருன்னு தெரியாது. ரெண்டாவது தடவ சண்ட போட்டாங்க."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

"ஆடியிலயா?" என்றார் காசியம்மாள்.

"ஆடியிலதாம்மா."

"நீ இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

காசியம்மாள் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! "நான் போட்டோவ பீரோல பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருவிக்கிட்டுத் திரிஞ்சேன். இவ நேராக் கடைக்கே போயிருக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எங்க புள்ளைய நீதான் நல்லாப் பாத்திருக்க. நீயே சொல்லும்மா, புடிச்சிருக்குதா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் கேள்வி முதலில் என்னிடம் வந்தது.

"புடிச்சிருக்குதுங்க" என்றேன். அவர் அதன்பிறகுதான் காப்பியை எடுத்துக் குடித்தார்.

செப்டம்பர் 4, திங்கள்

தை மாதம் கல்யாணம். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

2007 ஜூலை 17, செவ்வாய்

ஆடி ஒன்று. புதுப் பெண் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாது என்று நேற்றே அம்மா வந்து என்னை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடி முடியறவரைக்கும் ரெண்டு பேரும் பாக்கக்கூடாது, தெரியுதா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தும்விட்டார்.

சாயங்காலம் யூனிட் விட்டதும் நேரே கடைக்குப் போனேன். தள்ளுபடி முதல் நாள், கூட்டம். வாடிக்கையாளர் மாதிரி முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த சேல்ஸ்மேன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். எனக்கு நிஜமாகவே அம்மாவுக்கு ஒரு புடவை வேண்டும். அவருக்குப் பின்னால் மூலையில், பொங்கல் சரக்கு, பாதி விலைச் சீட்டோடு அடுக்கி வைத்திருந்தது எனக்கே தெரிந்தது.

"உண்மையிலேயே கொறச்சது ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த அடுக்கை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

"இன்னிக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றார். "நாளைக்கு வாங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.